ஓட்டோவில் போன திருத்தம்

புளியங்கூடலில் றஞ்சனி என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி கோழி வளர்க்கிறவள். நான் சொல்ல வந்தது மற்றவளைப் பற்றி, ரைப் அடிக்கிற றஞ்சனி. ஐயாத்துரையின் மூத்த மகள். ஐயாத்துரையின் தாயும் என்னுடைய தாயும் கூடப் பிறந்தவர்கள். அந்த முறையில் அவள் எனக்குப் பெறாமகள். பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

நான் நாலாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன். எழுத்து வேலை எனக்குச் சரிவராது. ஆனால் இந்தப் பக்கத்தில் ஆர் ஆருக்கு என்ன முறை, ஆர் எந்த வளவில் பிறந்து எந்த வளவுக்கு வாழ்க்கைப்பட்டது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அதனால் ஊரில் ஒரு செத்தவீடு என்றால், அறிவித்தல் அடிக்கிற நேரம் றஞ்சனியின் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை கிடக்கும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த வீட்டோடு கதை நின்றுபோகும் எங்கள் ஊரில். மருமகனை மகனுக்கு முன்னால் போட்டாலும் கரைச்சல்தான்.

அவள் வேலணையில் ரைப்பிங் பழகினாள். கூட்டுறவுச் சங்கத்துக் கந்தோரில் கனகாலம் ரைப் அடித்தாள். சங்கம் அந்தக் கந்தோரை மூடியபோது வீட்டு முன்னறையைத் தெருப்பக்கமாகத் திறந்து, யாழ்ப்பாணத்தில் ஒருவன் பாவித்த கொம்பியூட்டரை வாங்கி வைத்தாள். கலியாணம் பேசி வந்தது இரண்டு. ஒன்று சாதகத்தில் முறிந்தது, மற்றது சீதனத்தில் முறிந்தது. பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை, கதைக்க விடவும் இல்லை. அடையாள அட்டை விண்ணப்பம், பொலிசுக்கு முறைப்பாடு, கோயில் நோட்டீஸ், சாமத்தியவீட்டு அழைப்பிதழ் எல்லாம் அவளிடம்தான். விரல் ஓடுகிறபோது கண் எழுதிக்கொடுத்த தாளில் நிற்கும். திரையை அவள் பார்க்கமாட்டாள். அடித்து முடிந்ததும் ஒருக்கால் உரத்து வாசிப்பாள். பிழை விட்டாள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அவளிடம் ஒரு குணம் இருந்தது. தெரியாது என்று சொல்லமாட்டாள். தகப்பனும் அப்படித்தான். வழி தெரியாமல் கொழும்பு முழுக்கச் சுற்றினாலும் ஒருவரிடமும் கேட்கமாட்டான் ஐயாத்துரை.

இனி அந்தக் கொம்பியூட்டர் மாறின கதை.

ஒரு நாள் அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் கடிதம் அடிக்க வந்திருந்தார். கடையில் இன்னும் ஐந்தாறு பேர் நின்றார்கள். நானும் போட்டோக் கொப்பி எடுக்கப் போயிருந்தேன். திரை முழுக்கக் கறுப்பாகக் கிடந்தது. மூலையில் ஏதோ இங்கிலீசில் எழுதியிருந்தது. அவர் குனிந்து வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“பிள்ளை, இது கள்ள விண்டோஸ் எல்லோ. அதுவே எழுதிக் காட்டுது. அரசாங்கக் கடிதத்தைக் களவுச் சாமானிலை அடிக்கிறீர்.”

ஓட்டோ ஓட்டுகிற கஜீபன் வாசலில் நின்றான். அவனுக்கு இது போதும்.

“றஞ்சனியக்கா, என்ரை சைக்கிள் களவுபோனதுக்கு இதிலைதானே முறைப்பாடு அடிச்சனீங்கள்? அதுதான் இன்னும் பிடிபடேல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். றஞ்சனியும் சிரித்தாள். ஆனால் காது மடல் சிவந்துபோனது. விற்றவன் எல்லாம் போட்டுத்தான் தருகிறேன் என்று சொல்லிக் கொடுத்தான். களவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குப் பின்னேரமே ஊர்காவற்றுறையில் திருத்தகம் வைத்திருக்கிற டிலானுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

டிலான் வந்து மூடியைக் கழற்றித் தூசி தட்டிப் பார்த்தான்.

“காசு குடுத்து நல்லதை வாங்கிப் போடலாம் அக்கா. ஆனால் இந்தக் கிழட்டு மிசின் புதுசைத் தாங்காது.”

“களவும் வேண்டாம், புது மிசினும் வாங்க ஏலாது. வேறை வழி இருந்தால் சொல்லும்.”

“லினக்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. ஆரும் போடலாம், ஆருக்கும் குடுக்கலாம்.”

“ஓசியோ?”

“ஓசி எண்டாதேங்கோ, பொது எண்டு சொல்லுங்கோ. கோயில் கேணி மாதிரி.”

அவனே அதைப் போட்டுக் கொடுத்தான். பிறகு கடிதம் அடிக்கிற ஒபிஸ் எது வேணும் என்று கேட்டு இரண்டைத் திறந்து காட்டினான். ஒன்று பழையதின் முகச்சாடை. அதே இடத்தில் அதே பொத்தான்கள். ஆனால் திறக்க முன்னம் ஒரு கணக்குத் திறக்கச் சொல்லி ஈமெயில் கேட்டது. மற்றது லிப்ரே ஒபிஸ். அதில் பொத்தான் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. றஞ்சனி யோசித்துப்போட்டு முதலாவதைக் காட்டினாள்.

“உது வேண்டாம். இண்டைக்கு ஈமெயில் கேக்கும், நாளைக்கு மூலையிலை ஏதும் எழுதும்.”

லிப்ரே ஒபிஸ் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பழைய நோட்டீசுகள் எல்லாம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் இருந்தபடியால் அந்த எழுத்தையும் டிலான் ஏற்றினான். போகிற நேரத்தில் ஒன்று சொன்னான்.

“அக்கா, சேமிக்கேக்கை ஒரு கேள்வி கேக்கும். பழைய மாதிரி வைக்கவோ, தன்ரை மாதிரி வைக்கவோ எண்டு. வெளியிலை அனுப்பிறது எண்டால் பழைய மாதிரி எண்டதைத்தான் அமத்த வேணும். தன்ரை மாதிரியை அமத்தினால் வேறையா இன்னொண்டு வைக்கும். பிறகு ஒரே பேரிலை ரெண்டு கிடக்கும். விளங்கிச்சுதோ?”

அந்த நேரம் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் வினாத்தாள் அடிக்க வந்து நின்றார். றஞ்சனி அவரைப் பார்த்தாள்.

“ஓம் ஓம், விளங்கிச்சுது. இப்ப எல்லா இடமும் இதுதானே, ரீச்சர்.”

அவளுக்கு விளங்கவில்லை. அதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். கேள்வி இங்கிலீசில் வரும்; கையில் வந்ததை அமத்துவாள்; போய்விடும். சின்னக் கடிதங்களைக் கடையிலேயே எடுத்துக் கொடுக்கிறபடியால் ஒரு கரைச்சலும் வரவில்லை. டிலானுக்கு ஒரு ரெலிபோன் எடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் எல்லாம் தெரியும் என்று ரீச்சருக்கு முன்னால் சொன்னவள் எப்படிக் கேட்பது?

இப்படி இருக்கேக்கை அரியநாயகம் செத்துப்போனான்.

அரியநாயகத்தை இங்கே ஒருக்கால் சொல்ல வேணும். புகையிலைத் தோட்டக்காரன். மனிசி கமலாதேவி. மகன் நிரோஜன் மின்சார வேலை, மகள் பிரியவதனி கொழும்பில் இருக்கிறாள். அரியத்துக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தமக்கை, இராசமணி. புங்குடுதீவு மடத்துவெளியில் வாழ்க்கைப்பட்டவள். தாய் வருத்தக்காரியாக இருந்தபடியால் அரியத்தை இடுப்பில் வைத்து வளர்த்தது அவள்தான். ஆனால் சாகும்போது தமக்கையும் தம்பியும் கதை பேச்சு இல்லை. தாய் வழி வந்த காணியில் இரண்டு பேருக்கும் பங்குக் கிணறு ஒன்று இருந்தது. இராசமணி தன் பங்கை, கிணற்றுப் பங்கோடு, தம்பிக்குச் சொல்லாமல் வெளி ஆளுக்கு விற்றுப்போட்டாள். மகளின் கலியாண அவசரம். வாங்கினவன் மோட்டர் பூட்டி இறைக்க, அரியத்தின் புகையிலைக்குத் தண்ணீர் முறை தப்பியது. அன்றைக்கு நின்ற கதை பிறகு தொடங்கவில்லை.

செத்த அன்று காலையில் நிரோஜன் என்னையும் கூட்டிக்கொண்டு றஞ்சனியிடம் வந்தான். கண் வீங்கிக் கிடந்தது. பிரியவதனி கொழும்பிலிருந்து வர வேணும் என்றபடியால் அடுத்த நாள் பிரேதம் எடுப்பதென்று வைத்திருந்தார்கள். நோட்டீசைப் படத்தோடு யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு ஈமெயிலில் அனுப்பினால் பின்னேர பஸ்ஸில் வந்துவிடும்.

நான் முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், கமலாதேவியின் ஆருயிர்க் கணவரும், நிரோஜன், பிரியவதனி ஆகியோரின் பாசமிகு தந்தையும்... றஞ்சனியின் விரல் ஓடியது.

“இராசமணியின் அன்புச் சகோதரரும்,” என்றேன்.

“காலஞ்சென்ற இராசமணி எண்டு போடுங்கோ அக்கா,” என்றான் நிரோஜன்.

றஞ்சனியின் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள்.

“டேய் தம்பி, உயிரோடை இருக்கிற மனிசி,” என்றேன் நான்.

“உங்களுக்கு உயிரோடை இருக்கிறா, அப்பு. எங்கடை அப்பா தண்ணி இல்லாமல் வாளியாலை அள்ளி ஊத்தி நெஞ்சு நோ வந்து கிடந்தவர். ஒருக்கால் வந்து எட்டிப் பார்த்தவவோ? எங்களுக்கு அவ எப்பவோ செத்தவ. போடுங்கோ அக்கா.”

வந்தவர் சொன்னதை அடிப்பதுதான் றஞ்சனியின் வழக்கம். அடித்தாள், வந்த கேள்விக்குக் கையில் வந்ததை அமத்திச் சேமித்தாள். பிறகு வழக்கப்படி உரத்து வாசிக்கத் தொடங்கினாள். அந்த இடம் வந்தது. ‘காலஞ்சென்ற இராசமணியின் அன்புச் சகோதரரும்’ என்று அவள் குரலில் கேட்டதும் நிரோஜன் முகத்தைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டான். நெடுநேரம் தோள் குலுங்கியது.

“எடுங்கோ அக்கா. அதை எடுங்கோ. அப்பா கேட்டால் என்னை உதைச்சிருப்பார்.”

“எடுக்கிறன் தம்பி.”

“நான் சொன்னதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அம்மாவுக்கும் வேண்டாம்.”

“இந்த மேசையிலை கதைச்சது ஒண்டும் வெளியிலை போறேல்லை. பயப்பிடாதையும்.”

அவள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘மடத்துவெளி இராசமணியின் அன்புச் சகோதரரும்’ என்று அடித்தாள். சேமிக்கிற நேரம் கேள்வி வந்தது. வேறு நாளென்றால் பார்க்காமல் அமத்தியிருப்பாள். இது முக்கியமான காரியம் என்று அன்றைக்கு மட்டும் நின்று வாசித்தாள். அந்த இங்கிலீசுக்குள் ‘சரியாக’ என்று அர்த்தம் வருகிற ஒரு சொல் இருந்ததாம். அது அவளுக்கு விளங்கியது. சரியாக வைக்கத்தானே வேணும் என்று அதற்குரிய பொத்தானை அமத்தினாள். திருத்தினது புது மாதிரியில் வேறொன்றாகப் போய் இருந்தது. திருத்தாதது பழைய மாதிரியிலேயே கிடந்தது. தாளில் எடுத்தாள், சரியாக வந்தது. நிரோஜன் பார்த்துத் தலையாட்டினான். அச்சகத்துக்கு அனுப்பும்போது ஒரே பெயரில் இரண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவர்கள் வழக்கமாகத் திறக்கிற பழைய வகைதான் முதலில் கண்ணில் பட்டது, அதை எடுத்து அனுப்பினாள்.

பின்னேர பஸ்ஸில் கட்டு வந்தது. செத்தவீட்டில் ஆர் நோட்டீசை எழுத்தெழுத்தாக வாசிக்கிறது? படத்தைப் பார்த்து அழுதார்கள். இளந்தாரிகள் சந்திக்குச் சந்தி ஒட்டினார்கள். விடிய கஜீபன் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, ஒரு நோட்டீசைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டு புங்குடுதீவு வரை போய் வந்தான். எந்தச் செத்தவீட்டையும் ஒரே இழுவையில் வாசிக்கிறவன் அவன். ஆர் செத்தது, ஆர் இருக்கிறது என்று அவனுக்குக் கணக்கில்லை.

பத்து மணிபோல கமலாதேவியின் ரெலிபோன் அடித்தது. அழுத குரலில் பேச ஏலாமல் அதைச் சத்தமாகப் போட்டுப் பக்கத்தில் வைத்தாள். இராசமணியின் மகன்.

“மாமி, அம்மா வெள்ளைச் சீலை உடுத்து வெளிக்கிட்டு நிண்டவ. இப்ப வரேல்லையாம்.”

“ஏன் ராசா? தம்பியைப் பார்க்க வேண்டாமோ?”

“செத்தவ எப்பிடி மாமி செத்தவீட்டுக்கு வாறது? நோட்டீசிலை நீங்கள்தானே போட்டனீங்கள். எங்கடை படலைக்கு முன்னாலை நிண்டு மைக்கிலையும் சொல்லிப்போட்டுப் போறான்.”

பிரேதத்தைச் சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். ஆரோ ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து வாசித்தார்கள். பிறகு எல்லோரும் நிரோஜனைப் பார்த்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்தான். கமலாதேவி மகனைக் கேட்டாள்:

“நீயோ சொன்னனீ?”

அவன் வாய் திறக்க முன்னம் பெண்களுக்குள் இருந்து றஞ்சனி எழும்பினாள். படலையைக் கடந்து போனாள். நான் பின்னால் போனேன். கடையைத் திறந்து கொம்பியூட்டரைப் போட்டாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பெரியப்பா, ரெண்டு கிடக்கு,” என்றாள். “ஒரே பேரிலை ரெண்டு கிடக்கு. நான் திருத்தாததை அனுப்பிப்போட்டன்.”

பிறகு கதிரையில் இருந்து சீலைத் தலைப்பால் முகத்தை மூடினாள்.

“டிலான் சொன்னவன். எனக்கு விளங்கேல்லை எண்டு ஒரு வாய் சொல்லியிருந்தால் காணும். நான் உள்ளை போறன் பெரியப்பா. கதவைப் பூட்டிப்போட்டு இருக்கப்போறன்.”

“பூட்டு,” என்றேன். “ஆனால் மூண்டு மணிக்குப் பிரேதம் எடுக்கப் போயினம். அதுக்கு முன்னம் இராசமணி வாய்க்கரிசி போடாட்டி, பிறகு போட ஏலாது. பொம்பிளையளைச் சுடலைக்கு விடமாட்டினம்.”

பிறகு எழும்பி முகத்தைக் கழுவினாள். சந்தியில் கஜீபனின் ஓட்டோ நின்றது, ஒலிபெருக்கி இன்னும் கழற்றாமல். அதிலேயே ஏறினோம். பாலத்தைக் கடந்து மடத்துவெளிக்குப் போனோம். கஜீபனுக்கு விசயம் விளங்கி, அவன் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

இராசமணி வெள்ளைச் சீலையோடு வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்தாள். கையில் அந்த நோட்டீஸ். மகன் எங்களைக் கண்டு எழும்பி உள்ளே போய்விட்டான்.

“வாங்கோ அண்ணை,” என்றாள் என்னிடம். “என்ரை செத்தவீட்டுக்கோ வந்தனீங்கள்?”

றஞ்சனி முன்னுக்கு வந்து நின்றாள்.

“மாமி, நான் ஐயாத்துரையின்ரை மகள். நோட்டீஸ் அடிச்சது நான்தான்.”

“தெரியும். நீ அடிச்சாய். சொன்னது ஆர்?”

றஞ்சனி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

“ஒருத்தரும் சொல்லேல்லை மாமி. வேறை ஒரு செத்தவீட்டு நோட்டீசுக்கு மேலைதான் இதை அடிச்சனான். அதிலை கிடந்த சொல்லை எடுக்காமல் விட்டிட்டன். கொம்பியூட்டரிலை புதுசு ஒண்டு போட்டிருக்கிறன். எனக்கு அது வடிவாத் தெரியாது. தெரியாது எண்டு கேட்கவும் வெட்கப்பட்டனான்.”

தெரியாது என்று அவள் சொன்னதை நான் முதன்முதலாக அங்கேதான் கேட்டேன். பாதி உண்மை, பாதி பொய். எது எது என்று எனக்குத் தெரியும்.

இராசமணி அவளைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணை, நீங்களும் பக்கத்திலை இருந்திருப்பியள். அப்பிடித்தானோ?”

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

“என்ரை மருமோன்ரை வாயை எனக்குத் தெரியும் அண்ணை. சின்னனிலையிருந்து தெரியும்.” நோட்டீசை மடித்து மடியில் வைத்தாள். “சரி. பிள்ளை சொல்லிறதை நம்பிறன். ஆனால் நான் எந்த முகத்தோடை அங்கை வாறது? ஊர் முழுக்க மைக்கிலை கேட்டுட்டுது. நான் போய் இறங்க, செத்தவள் வாறாள் எண்டு சிரிக்காதோ?”

“நான் என்ன செய்ய மாமி? சொல்லுங்கோ.”

“மைக்கிலை போனது மைக்கிலைதான் திரும்ப வேணும். அந்த ஓட்டோக்காரன் வாசிக்கக் கூடாது. நீ வாசி. உன்ரை பேரைச் சொல்லி வாசி.”

றஞ்சனி வாசலைப் பார்த்தாள். தெருவில் ஓட்டோ நின்றது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

“வாங்கோ மாமி,” என்றாள்.

இராசமணியையும் என்னையும் பின்னால் இருத்தி, றஞ்சனி முன்னால் கஜீபனோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். அவன் மைக்கை நீட்டிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்:

“அக்கா, நான் பொம்பிளைக் குரலிலை சொல்லிறன். ஒருத்தருக்கும் தெரியாது.”

“தாரும் இஞ்சை,” என்று வாங்கினாள்.

மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

“ஒரு திருத்தம். புளியங்கூடலைச் சேர்ந்த அமரர் அரியநாயகம் அவர்களின் மரண அறிவித்தலில், அன்னாரின் சகோதரி, மடத்துவெளி இராசமணி அவர்களைக் காலஞ்சென்றவர் என்று குறிப்பிட்டது பிழை. இராசமணி அவர்கள் நலமாக இருக்கிறார். இந்தப் பிழையை விட்டது ரைப் அடித்த ஐயாத்துரை றஞ்சனி. குடும்பத்தினர் அல்ல.”

குடும்பத்தினர் அல்ல என்று சொல்லச் சொல்லி இராசமணி கேட்கவில்லை. அது றஞ்சனி தானாகச் சேர்த்தது.

மடத்துவெளியில் சனம் படலைக்கு வந்து பார்த்தது. இராசமணி தலையை நிமிர்த்தி இருந்தாள். பாலம் கடந்து இந்தப் பக்கம் வர வர றஞ்சனியைத் தெரிந்த முகங்கள். ஒரு மதகில் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள்.

“றஞ்சனியக்கா, நாங்களும் உயிரோடைதான் இருக்கிறம்! எங்களையும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன்!”

“அக்கா, போன கிழமை அடிச்ச என்ரை பிறப்புச் சாட்சிக் கடிதத்தை ஒருக்கால் பாருங்கோ, பிறந்திருக்கிறனோ எண்டு!”

கஜீபன் வேகமாகப் போகப் பார்த்தான். றஞ்சனி அவன் கையைப் பிடித்தாள்.

“மெதுவாப் போம். அவைக்கும் கேக்க வேணும்.”

சந்திக்குச் சந்தி சொன்னாள். அந்த ரீச்சர் வீட்டுக்கு முன்னாலும் சொன்னாள். தன்னுடைய கடையைத் தாண்டும்போது மட்டும் குரல் உடைந்தது. மைக்கை நிறுத்தவில்லை, உடைந்த குரலும் ஊருக்குக் கேட்டது. பின்னால் இருந்த இராசமணி அந்த இடத்தில் கையை நீட்டி அவள் தோளில் வைத்தாள்.

“காணும் பிள்ளை. இனி நிப்பாட்டு.”

“அங்கை மட்டும் சொல்லிறன் மாமி.”

செத்தவீட்டுப் படலையில் பறை அடித்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டோவைக் கண்டு நிறுத்தினார்கள். கடைசித் தரம் அங்கே சொன்னாள். பந்தலுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்று கேட்டார்கள். இராசமணி இறங்கி நடந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கமலாதேவி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள். பிறகு இரண்டு பேருமாக அரியத்தின் தலைமாட்டில் போய் இருந்தார்கள். அங்கே இராசமணி தம்பிக்குச் சொல்லி அழுததை நான் வெளியில் சொல்லமாட்டேன்.

நிரோஜன் ஈர வேட்டியோடு வந்து அவளுக்கு முன்னால் குந்தினான்.

“மாமி, அது வந்து... நான்தான்...”

“கொள்ளி வைக்கப் போறவன் இப்ப ஒண்டும் கதைக்கக் கூடாது,” என்றாள் இராசமணி. “போ. ஐயர் கூப்பிடுறார்.”

அவள் அரிசியை அள்ளித் தம்பியின் வாயில் போட்டாள். மூன்று மணிக்கு எடுத்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது றஞ்சனி பந்தலில் இல்லை. ஓட்டோவிலும் இல்லை. பின் ஒழுங்கையால் வீட்டுக்குப் போயிருந்தாள்.

பல நாள் கடை திறக்கவில்லை. திறந்த பிறகும் சனம் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. வந்தவர்களும் அடித்த தாளை வாங்கி, அவளுக்கு முன்னாலேயே விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார்கள். முந்தி அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. டிலானை வரச்சொல்லி, கடையில் ஆட்கள் நிற்கத்தக்கதாகவே, “எனக்கு விளங்கேல்லை, முதலிலையிருந்து சொல்லித் தாரும்,” என்று கேட்டாள். அவன் இரண்டு பின்னேரம் இருந்து சொல்லிக் கொடுத்தான். அந்தக் கேள்வி வரும்போது அவள் இப்போது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். பழையபடி கள்ள விண்டோசையே போடு என்று சிலர் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள்.

நிரோஜன்தான் கடைப்பக்கம் வரவே இல்லை. சைக்கிளில் போனால் அந்த இடத்தில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவான். முப்பத்தோராம் நாளுக்குத் தகப்பனின் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிற வேலையை யாழ்ப்பாணத்தில் கொடுத்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது.

“நீ அவன்ரை மானத்தைக் காப்பாத்தினாய். அவன் உன்ரை கடையை விட்டிட்டுப் போறான். ஒரு நன்றி இல்லையே பிள்ளை?”

“அவன் என்னைக் கண்டால் தான் சொன்னது ஞாபகம் வரும் பெரியப்பா. எனக்கு அவனைக் கண்டால் நான் அனுப்பினது ஞாபகம் வரும். வராமல் இருக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது.”

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். போகமாட்டேன் என்றாள், இராசமணி ஆள் விட்டுக் கூப்பிட்டபடியால் வந்தாள். பந்தியில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்து தலை நிமிராமல் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் கல்வெட்டில் பெயர்கள் சரியோ என்று பார்த்துப் பார்த்துக் கதைத்தார்கள். அவளிடமும் ஒன்றைக் கொடுத்தார்கள். திறக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

சாப்பிட்டு எழும்பினவர்களுக்குக் கை கழுவ நிரோஜன் செம்பில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றான். மொட்டையடித்த தலை. அவள் மற்றவர்கள் போகட்டும் என்று பின்னால் நின்று பார்த்தாள். அவனும் போகவில்லை. கடைசியில் அவள் வந்து கையை நீட்டினாள், அவன் வார்த்தான். இரண்டு பேரும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். கை கழுவி முடிந்த பிறகும் அவன் கொஞ்ச நேரம் வார்த்துக்கொண்டே நின்றான். அவளும் கையை எடுக்கவில்லை.